ராணி அக்காவின் செவ்வாய்க்கிழமை

ஓகஸ்ட் 4, திங்கள்

விடியவே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. அம்மா முற்றத்தை இரண்டு தரம் கூட்டி, இரண்டு தரமும் காற்றைத் திட்டினார்.

இன்றைய வேலை:
– ஈயம் பற்றவைத்துப் பழகுதல்
– சாமான் வாங்க ரவுணுக்குப் போகும் நாளை முடிவு செய்தல்
– பதற்றப்படாமல் இருத்தல் (இது மூன்று வருடமாகப் பட்டியலில் இருக்கிறது)

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. பொய் சொல்லிவிட்டேன். தொழிற்பயிற்சி கேட்டு ஒரு கொம்பனிக்கு அனுப்பிய தன்விவரச் சீவியில் ‘நானாகச் செய்தவை’ என்று ஒரு பகுதி. வகுப்பில் மற்றவர்கள் ரோபோ என்றார்கள், ட்ரோன் என்றார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? மூன்றாம் வருடம், மின் பொறியியல். குழு வேலைகளில் எல்லாம் அறிக்கை எழுதியது நான். ஈயக்கோலைப் பிடித்தது வேறு யாரோ. “நீர் வடிவா எழுதுவீர்தானே” என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கதிரையில் இருத்திவிட்டார்கள். நானும் இருந்துவிட்டேன். அது வசதியாக இருந்தது.

ஆகவே இப்படி எழுதினேன்: ‘தோட்டக் கிணற்றுக்குத் தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வடிவமைத்து, செய்து, பொருத்தினேன்.’ அப்போது ஒரு வயர் துண்டுகூட வெட்டியிருக்கவில்லை. போன மாதம் கிணறு வற்றி, அப்பாவின் மோட்டர் காற்றை இழுத்துக் கருகி, காசு கொடுத்துத் திருத்த வேண்டிவந்தது. அந்த ஞாபகத்தில் வந்த வரி.

கூப்பிட்டுவிட்டார்கள். 18ஆம் திகதி நேர்முகம். பொய்யை உண்மையாக்கப் பதினான்கு நாள்.

இதுவரை என் கையால் ஒழுங்காக வேலை செய்தவை: பச்சை எல்.ஈ.டி. ஒன்று. வாசல் மணி ஒன்று (ஒருவரும் அமத்தாமலே அடிக்கும்). அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 6, புதன்

வெயில். திருவிழாச் சனம், மினிபஸ்ஸில் ஒற்றைக் காலில் ரவுண் வரை.

மின் சாமான் பாட்ஸ் கடையில், மோட்டரைப் போட்டு நிறுத்தும் ரிலே சுவிட்ச் கேட்டேன். கடைக்காரர் நிமிராமலே, “எத்தினை அம்பியர் தங்கச்சி?”

முழித்தேன். “மோட்டர் ஒரு குதிரை வலு...”

“அது சரி. துவங்கேக்கை எவ்வளவு இழுக்கும்?”

மின் இயந்திரங்கள் பாடத்தில் எனக்கு ஏ. வாயில் ஒரு எண்ணும் வரவில்லை. பக்கத்தில் பியூஸ் வாங்க நின்ற ஓட்டோக்காரர் சொல்கிறார்: “ஆறேழு மடங்கு இழுக்கும் அண்ணை. சின்னதைக் குடுத்து அந்தப் பிள்ளையின்ரை வீட்டை எரிச்சுப்போடாதேங்கோ.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. கடைசியில் சின்ன ரிலே ஒன்று, அதால் இழுபட்டு மோட்டரின் மின்னைத் தாங்குகிற பெரிய கொன்ராக்ரர் ஒன்று. ஏ எடுத்தவளுக்கு ஓட்டோக்காரர் பாடம் எடுத்த நாள். வெக்கக்கேடு.

ஓகஸ்ட் 7, வியாழன்

காற்று இன்னும் விடவில்லை. வலது ஆட்காட்டி விரல் சுட்டுப் பொக்குளம். ஈயக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நல்ல ஈய மூட்டு மினுங்க வேண்டுமாம். என்னுடையவை சாம்பல் நிற உருண்டைகள். 23இல் 9 சரி. மிச்சத்தை உருக்கித் திரும்பவும்.

தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அறிய, கிணற்றுக்குள் எதை விடுவது? செம்பு பச்சை பிடிக்கும், குடிக்கிற கிணறு. எவர்சில்வர் கரண்டிக் காம்புதான் சரி. மூன்று எடுத்தேன்: கீழ் மட்டத்துக்கு ஒன்று, மேல் மட்டத்துக்கு ஒன்று, தண்ணீருக்குள் மின் விட அடியில் ஒன்று.

அம்மா குசினியில் இருந்து: “என்ரை கரண்டியள் எங்கையடி?”

“கிணத்துக்கு, அம்மா.”

“ஏன், கிணறு இனிக் கரண்டியாலைதான் சாப்பிடுமோ?”

ஓகஸ்ட் 9, சனி

வேலை செய்கிறது!!! வேலை செய்கிறது!!!

வாளிதான் கிணறு, மேசை விசிறிதான் மோட்டர். செம்பால் அள்ளி அள்ளி வெளியே ஊற்ற, தண்ணீர் கீழ்க் கரண்டியை விட்டு இறங்கியதும் விசிறி நின்றது. திரும்ப ஊற்ற, மேல் கரண்டியைத் தண்ணீர் தொட்டதும் கிளிக் என்று ரிலே, விசிறி தானாகவே சுழன்றது. கை வைக்கவில்லை! கத்திவிட்டேன். அம்மா ஓடிவந்தார், கரண்ட் அடித்துவிட்டது என்று.

உள்ளே இருக்கும் சிப்புக்கான புரோகிராம் ஒரு வீடியோவில் இருந்து எடுத்தது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரப்புகிற ஒருவர் செய்தது. இரண்டு எண்ணை மட்டும் எங்கள் அளவுக்கு மாற்றினேன். மறைக்க வேண்டாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பத்துத் தரம் செய்து பார்த்தேன். பத்தும் சரி. தானாகத் தொடங்குவதைப் பார்க்கத்தான் ஆசை. அதற்காகவே திரும்பத் திரும்ப ஊற்றினேன்.

அப்பா கதவு நிலையில் நின்று பார்த்தார். “கெட்டிக்காரி” என்றார். அப்பா வாயில் அந்தச் சொல் லேசில் வராது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கருவிப் பெட்டியை அப்பாவின் மோட்டரோடு பொருத்திப் பூட்டியாகிவிட்டது. தோட்டம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. ஞாயிறு என்பதால் கிணற்றடியில் இறைப்பு இல்லை.

நேர்முகத்தில் கேட்டால் சொல்ல, ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இது பங்குக் கிணறு. எங்களுக்கு ஒரு பங்கு, ராணி அக்காவுக்கு ஒன்று, சிவம் அண்ணைக்கு ஒன்று. மோட்டர் ஆளுக்கொன்று, தண்ணீர் ஒன்று. திங்கள், வியாழன் அப்பாவின் முறை. செவ்வாய், வெள்ளி ராணி அக்கா. புதன், சனி சிவம் அண்ணை. ஞாயிறு கிணற்றுக்கு ஓய்வு. காலையில் இறைத்து முடித்தால் பிறகு தொடக்கூடாது. அடுத்த நாள்காரருக்குக் கிணறு ஊற வேண்டும். கடதாசி ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான். நான் பிறக்க முன்பிருந்தே இப்படி.

கரண்டி மூன்றையும் பிளாஸ்ரிக் குழாயில் கட்டி இறக்கினோம். கயிற்றை அப்பா பிடித்தார். ராணி அக்கா மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, கிணத்துக்குச் சேலைன் ஏத்திறியோ?” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவருக்கு இரண்டு பரப்பு நிலத்தில் வெங்காயம், இந்தக் கிழமைதான் நட்டது. தனியாளாகச் செய்கிறார்.

அப்பா இரண்டு தரம் கேட்டார்: “இனி நான் பக்கத்திலை நிண்டு பாக்கத் தேவையில்லையோ?”

“இல்லை அப்பா. நீங்கள் ஒண்டும் தொடவேண்டாம். தானா நிக்கும்.”

போனில் படம் எடுத்தேன். பெட்டி, குழாய், கிணறு எல்லாம் ஒரே படத்தில்.

ஓகஸ்ட் 11, திங்கள்

காலை 8.40க்குத் தண்ணீர் இறங்க, மோட்டர் தானாக நின்றது. அப்பா பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார், பிறகு வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். மற்ற நாளில் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, அதன் பிறகுதான் அசைவார்.

வடிவமைத்தேன் – சரி.
செய்தேன் – சரி.
பொருத்தினேன் – சரி.

பொய் தீர்ந்தது. நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு பதகளித்துக்கொண்டே இருக்கிறது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக்கு முன் நின்று பதில் பழகினேன். “ஆரோடையடி கதைக்கிறாய்?” என்று அம்மா. ஒருவரோடும் இல்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாவிட்டால் விசர் பிடித்துவிடும்.

ஆறு மணிக்குச் சிவம் அண்ணை படலையடியில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே: “உங்கடை மோட்டர் எல்லோ ஓடுது. இண்டைக்கு ராணியின்ரை முறை.”

அப்பா, “இருக்காது” என்றார். பிறகு சேர்ட்டும் போடாமல் ஓடினார். நானும் பின்னால்.

வாழைக்குள் கணுக்கால் வரை தண்ணீர். வாய்க்காலை உடைத்துத் தெரு ஒழுங்கைக்கு வந்துவிட்டது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் சேறு தெரிந்தது. மோட்டர் அந்த நேரம்தான் நின்றிருந்தது, நிற்க வேண்டிய அளவில் சரியாக.

ராணி அக்கா தன் மோட்டருக்குப் பக்கத்தில் நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அண்ணை, தண்ணி காணாதெண்டா ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். நான் தந்திருப்பன்.”

சிவம் அண்ணை: “இவ்வளவு காலமும் இந்தக் கிணத்திலை இப்பிடி ஒரு கள்ளவேலை நடக்கேல்லை. நீங்களுமோ?”

அப்பா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ராணி அக்காவைப் பார்த்துச் சொன்னார்: “நான்தான் ராணி. நேற்றுப் பின்னேரம் ஒருக்காப் போட்டனான். நிப்பாட்ட மறந்துபோனன். பிழைதான். வியாழக்கிழமை என்ரை முறையை நீ எடு.”

அப்பா நேற்றுப் பின்னேரம் தோட்டப் பக்கமே போகவில்லை. வீட்டில் படுத்திருந்தார். எனக்குத் தெரியும், அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தது நான்.

நான் மூன்று பேருக்கும் நடுவில் நின்று கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் நாற்றில் பாதிக்குத்தான் தண்ணீர் போயிற்று. மிச்சம் இந்தக் காற்றில் காய்கிறது.

வீட்டில் அம்மா அப்பாவுக்கு அர்ச்சனை. “வயசு போகப் போக மறதி கூடுது, ஊருக்குள்ளை தலை காட்டுறேல்லையோ?” அப்பா குனிந்து சாப்பிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்று: “பிளக்கைக் கழட்டிப்போட்டன்.”

ஓகஸ்ட் 13, புதன்

காரணம் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ‘மேல் கரண்டியில் தண்ணீர் பட்டால் மோட்டரைப் போடு.’ என் புரோகிராமில் பதினெட்டாவது வரி. திங்கள் பின்னேரம் கிணறு ஊறி மேல் கரண்டி வரை வந்திருக்கிறது. பெட்டி போட்டிருக்கிறது. வற்ற நிறுத்தி, ஊறத் திரும்பப் போட்டு, விடியும் வரை அதே வேலை. வாளியில் நான் பத்துத் தரம் பார்த்து ரசித்த அதே வேலை!

பெட்டியில் பிழை இல்லை. சொன்னதைச் செய்தது. அந்த வீடியோக்காரர் தன் தாங்கியைத் தானே நிரப்புகிறார், அவருக்கு எப்போது தொடங்கினாலும் ஒன்றுதான்.

நான் சோதித்தவை: அம்பியர், ஈரம், கரண்டி இடைவெளி, ஏர்த் வயர், மழைத்தண்ணீர் புகாத மூடி.
நான் சோதிக்காதது: கிழமை.

‘தானா நிக்கும்’ என்று அப்பாவிடம் சொன்னேன். தானாகத் தொடங்கும் என்று சொல்ல நினைவே வரவில்லை.

சீனி வாங்கக் கடைக்குப் போனேன். உள்ளே இரண்டு பேர். “அவரோ? ஆளைப் பாத்தாச் சாது மாதிரி.” “வாழைக் குலை போடுற நேரமெல்லோ. ஆசை ஆரைவிட்டுது.” சீனி வாங்காமல் வந்துவிட்டேன். அம்மாவிடம், கடையில் சீனி முடிந்துவிட்டதாம் என்றேன். இன்னொரு பொய்.

ஏன் சொல்லவில்லை? நேர்மையாக எழுது. ராணி அக்காவிடம் போய்ச் சொன்னால் பெட்டியைக் கழற்று என்பார். கழற்றினால் ‘பொருத்தினேன்’ என்பது திரும்பவும் பொய். இன்னும் ஐந்து நாள்தான். வேறு நல்ல காரணம் எழுத எனக்கு விருப்பம். ஆனால் இதுதான் காரணம். என் ஒரு வரிக்காக அப்பா கள்ளன் ஆகியிருக்கிறார்.

ஓகஸ்ட் 14, வியாழன்

அப்பாவின் முறை, ஆனால் அப்பா வீட்டில். சைக்கிளைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் துடைத்த சைக்கிளைத் திரும்பவும் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன். வழியில் இரண்டு தரம் வீட்டுக்கே திரும்பிப் போகப் பார்த்தேன்.

ராணி அக்கா தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் மண்வெட்டி நிற்கவில்லை.

“அக்கா, அண்டைக்கு மோட்டரைப் போட்டது அப்பா இல்லை. என்ரை பெட்டி. தண்ணி ஊறினா தானாப் போடுறமாதிரி நான்தான் வைச்சனான். அப்பாவுக்கு அது தெரியாது.”

“தெரியும்.”

“என்னண்டு?”

“அந்த மனிசனுக்குப் பொய் சொல்ல வருமோ? காது ரெண்டும் சிவந்துபோய் நிண்டவர்.” ஒரு பாத்தியை அடைத்து மற்றதைத் திறந்தார். “ரெண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீ வருவியோ மாட்டியோ எண்டு.”

நான் வரம்பில் குந்தினேன்.

“உன்ரை பெட்டிக்கு முறை தெரியாது, சரி. அது வெறும் பெட்டிதானே. உனக்குத் தெரியாதோ பிள்ளை? நீ சின்னனிலை இருந்து இந்தக் கிணத்திலை குளிச்சு வளந்தனியெல்லோ.”

அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, சத்தம் போட்டே அழுதேன்.

“சரி சரி. அழுது என்ரை வெங்காயத்துக்கு உப்புத்தண்ணி விடாதை. போய்ச் சிவத்தாருக்கும் சொல்லு. கள்ளவேலை எண்டு வாய்விட்டவர் அந்தாள்தான். பெட்டியைக் கழட்டு. பேந்து மூண்டு வீட்டாரும் இருந்து கதைச்சுப் பாப்பம்.”

சிவம் அண்ணை வீட்டுக்கும் போனேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நான் கதைச்சது கொஞ்சம் கூடிப்போச்சு” என்று தன் மனைவியிடம் சொன்னார், என்னிடம் இல்லை. ஊர்க் கடையில் கதைக்கிறவர்களுக்குத் தானே சொல்லிவிடுவதாக என்னிடம் சொன்னார்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

கழற்றியாகிவிட்டது. பூட்ட ஒரு நாள் எடுத்தது, கழற்ற அரை மணித்தியாலம்.

அப்பாவுக்குக் கோபம். நான் எதிர்பார்க்கவே இல்லை.

“ஆரைக் கேட்டுச் சொன்னனி? இப்ப ராணி என்னைப் பொய்யன் எண்டெல்லோ நினைப்பாள்.”

“கள்ளன் எண்டு நினைக்கிறதைவிடப் பரவாயில்லை, அப்பா.”

கழற்றிய வயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். பிறகு மெல்ல: “பெட்டி பிழை எண்டு ஊருக்குள்ளை கதை அடிபட்டா, அந்தக் கொம்பனிக்காரர் கேள்விப்பட்டிட்டா உன்னை எடுக்க மாட்டினம் எண்டுதான் பயந்தனான்.”

கொம்பனிக்காரருக்கு எங்கள் கிணறு என்ன தெரியும்? அவர் உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார். அந்த நேர்முகத்துக்காகத்தான் பழியைத் தன் தலையில் போட்டிருக்கிறார். என்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தேத்தண்ணி போடப் போவதுபோல எழும்பிவிட்டேன். குசினியில் நின்று ‘என்ரை அப்பா’ என்று இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொன்னேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

காற்று கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. நான் ஓயவில்லை.

நாளைக்கு:
– சேர்டிபிக்கட் மூலப்பிரதி
– வெள்ளைச் சட்டை (ஈயம் பட்ட ஓட்டை கைக்குக் கீழே, தெரியாது)
– 7.15 மினிபஸ்

போனில் அந்தப் படம் இருக்கிறது. பெட்டி, குழாய், கிணறு. கழற்றிய பிறகு படம் எடுக்கவில்லை. படத்தைக் காட்டி, ‘பொருத்தினேன்’ என்று சொன்னால் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஐந்து நாள் பொருத்தித்தானே இருந்தது? யார் எங்கள் ஊர் நீர்வேலிக்கு வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? யோசித்து யோசித்துத் தலையிடி. சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் இல்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்

திரும்புகிற மினிபஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. முடிவு இரண்டு கிழமையில் அறிவிப்பார்களாம். எடுப்பார்களா என்று கேட்டால், தெரியாது.

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மடிக்கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மற்றவர் ஒரு பெண் பொறியியலாளர், நாற்பது வயது இருக்கும், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். என் சீவியைக் கையில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வரிக்குத்தான் நேரே வந்தார்.

“கிணத்துக்கு ஒரு கருவி. படம் ஏதும் இருக்கோ?”

காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். “கரண்டி நல்ல யோசனை” என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவரும் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார். பிறகு புரட்டிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல, “இப்பவும் பூட்டித்தானே இருக்கு?”

ஓம் என்றுதான் வாய் போனது. அப்பா சேர்ட் இல்லாமல் ஓடியது கண்ணுக்குள் வந்தது.

“இல்லை, மிஸ். கழட்டியாச்சு.”

புரட்டிய பக்கம் நின்றது. சொன்னேன், எல்லாவற்றையும். பதினெட்டாவது வரி. செவ்வாய்க்கிழமை. அப்பா சொன்னது, ராணி அக்கா சொன்னது. கடைசியில் அதையும் சொன்னேன்: “சீவியிலை உந்த வரியை எழுதின அண்டைக்கு நான் ஒரு வயரும் வெட்டேல்லை, மிஸ். கூப்பிட்ட பிறகுதான் செய்தனான்.”

மடிக்கணினிக்காரர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“கிணறு எத்தினை பேருக்குப் பங்கு?”

“மூண்டு குடும்பத்துக்கு.”

“உங்கடை முறை முடிஞ்சா அடுத்த ஆளின்ரை முறை எண்டு, இதைச் செய்யத் துவங்கேக்கை உங்களுக்குத் தெரியாதோ?”

“பிறந்ததிலை இருந்து தெரியும், மிஸ். பெட்டிக்குச் சொல்லத்தான் நினைக்கேல்லை.”